பணியக் கணக்கு

அப்புத்தளைக்குக் கீழே இறங்கும் தோட்டத்தில்
மேல்கணக்கு, பணியக்கணக்கு என்று இரண்டு பிரிவு.
எனக்கு வாய்த்தது அதற்கும் பணிய,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீற்றர்.

சூடு தேடித் துளைத்த கிணறு.
குளிர்ந்த நீரை உள்ளே தள்ளுகிறோம்,
பாறை அதைக் கொதிக்கவைத்துத் திருப்பித் தரும் என்ற
ஒப்பந்தத்தில்.
பாறை கையெழுத்து வைக்கவில்லை.

அடியில் இறக்கிய அழுத்தமானி
மூன்றாம் நாளே வெந்து செத்தது.
குழாய்வாயில் ஒரு முள் மட்டும் மிச்சம்.
உள்ளறைச் சண்டையை
கேற்றடிக் காவல்காரனிடம் விசாரிப்பது மாதிரி
அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே நடுக்கங்களை எண்ணுகிறேன்.
டிஸ்பென்சரிக்குப் பின்னால் கொய்யாமரத்தடியில் ஒன்று,
கோயில் மதிலோரம் ஒன்று, பீலிக்கரைக்கு மேலே ஒன்று,
இப்படிப் புதைத்துவைத்த ஆறு காதுகள்.
பிரட்டுத் தப்பு, கொழுந்து லொறி, இஸ்டோர் மெஷின்
எல்லாவற்றையும் கழித்தால்
மயிரிழைக் கோடொன்று ஒடிந்து நேராகும்.
கோழிகூடக் கண் திறக்காத நடுக்கம்.

வியாழக்கிழமைகளில் அருள்பிரகாசம் ஐயா
பெண்களின் கையில் பட்டி சுற்றி ஊதுவார்.
ஓட்டத்தை நிறுத்திப் பிறகு தளர்த்தி
முதல் ஓசை எங்கே வருகிறதென்று கேட்பார்.
"நீங்களும் பிரஷர்தானே பாக்குறீங்க மிஸ்?"
ஆமாம் ஐயா.
பட்டியில்லை, கையுமில்லை. ஓசை மட்டும்.

பாறைக்குள் பழைய விரிசல்கள் படுத்திருக்கின்றன,
ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து.
மலை தன் பாரத்தால் அவற்றை இறுக்கிவைத்திருக்கிறது.
நீர் நுழைந்து அந்த இறுக்கத்தை உள்ளிருந்து தளர்த்தும்.
வாகான சாய்வில் கிடப்பது
கொஞ்ச நீருக்கே வழுக்கிவிடும்.
அதில் சேதி அதிகமில்லை.
தொட்டதற்கெல்லாம் எகிறுகிறவன் இன்றும் எகிறினான்
என்பதை வைத்து
வீட்டு நிலவரத்தை யார் கணிப்பார்?
வழுக்கவே கூடாத கோணத்தில் கிடக்கும் ஒன்று
வழுக்கினால்தான்
தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு
நிமிர்ந்து உட்கார வேண்டும்.

பதினேழாம் நாள் விடிய நாலு மணி.
இருநூற்றுப் பன்னிரண்டாவது நடுக்கம்.
முதல் அசைவு எந்தக் காதுக்கு மேலே, எதற்குக் கீழே
என்று பார்த்துக் கோணம் போட்டேன்.
அழித்து மறுபடி போட்டேன்.
இந்தக் கிடப்பில் ஒன்று அசைய வேண்டுமானால்
மலைப்பாரத்தில் முக்காலை
நீர் தூக்கியிருக்க வேண்டும்.
முப்பத்தெட்டு மெகாபாஸ்கல்.
முள்ளை நம்பினால் முப்பதுகூட வராது.
(அது துருவில் சிக்கி நின்றதைப் பிறகுதான் கண்டோம்.)

இந்திகவை எழுப்பினேன். பம்பை நிறுத்து.
"ஒரேயொரு நடுக்கம்தானே, அதுவும் சின்னது."
சின்னதுதான். எது நடுங்கியது என்று பார்.

பகல், பற்றரி மாற்றப் போகிற வழியில்
கொழுந்து மடுவம் அமைதியாக இருந்தது.
மழைக்கு முன்னால் வரும் அமைதியில்லை;
எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கும் அமைதி.
செல்லபாக்கியம்.
நிறுவைக்கு நிறுவை கழிபடும் இரண்டு கிலோவைப் பற்றி
இருபத்தாறு வருடம் வாய் திறக்காதவள்.
கூட்டங்களில் கடைசி வரிசை,
கையெழுத்துக் கேட்டால் தலைவலி.
இன்று சாக்கைத் தராசிலிருந்து இறக்கி,
மறுபடி ஏற்றி,
"திரும்ப நிறுங்க" என்றாள்.
குரல்கூட உயரவில்லை.
கணக்கப்பிள்ளை பேனை மூடியைத் தேடினார்.
அது அவர் வாயிலேயே இருந்தது.

பம்பு நின்ற அன்றிரவும் ஒன்பது நடுக்கம்.
கிணற்றைவிட்டுத் தள்ளி,
பணியக்கணக்குப் பக்கமாக.
நாங்கள் நிறுத்தியது நீருக்கு இன்னும் தெரியாது,
நடந்துகொண்டிருக்கிறது.

கொய்யாமரத்தடிக் காதில்
ஒரு சத்தத்தைக் கழிக்காமல் விட்டிருக்கிறேன்:
மறுநாள் விடிய ஐந்தரை,
லயத்துப் படிகளில் நிறையக் காலடி,
மடுவத்தைப் பார்த்து.